இறுக்கியது யார்?

அறியாமல் செய்த தவற்றுக்கு ஒருவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? என் பழைய மோட்டார் சைக்கிள் கேட்ட கேள்வி இது.

அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. முதல்நாள் பட்டறையில் எண்ணெய் மாற்றி, அடிநட்டை இறுக்கியவன் தொழில் பழகும் ஒரு பையன். போதாதா? போய்ச் சத்தம் போட்டேன். முதலாளி அவனை எல்லார் முன்னிலும் அறைந்தார்.

வயதான மெக்கானிக் ஒருவர் எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தார். முகப் பவுடரைத் தூவி ஓடவிட்டார். முதல் கறை எங்கே கிளம்பியது தெரியுமா? மேலே, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில்! அங்கே கசிந்த எண்ணெய்தான் வழிந்து, ஓடும்போது காற்றில் பின்வாங்கி, அடியில் சொட்டியிருக்கிறது.

"ஹெட் நட்டை யார் சார் தொட்டது? எஞ்சின் ஆறினபிறகு, எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கணும். ஒரே பக்கம் முறுக்கினால் மறுபக்கம் வாயைத் திறக்கும்."

சென்ற மாதம், ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில், ஸ்பானரால் பலங்கொண்டமட்டும் முறுக்கியவன் நான்தான். அது அறியாமை, மன்னிக்கலாம். ஆனால் பையனைக் குற்றம் சாட்டினேனே, அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியாது. அதையும் அறியாமைக் கணக்கில் எழுதலாமா?

"யாரோ தொட்டிருப்பார்கள்" என்றேன். இதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

புது கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் பணம் கொடுத்தேன். பையனிடம் தனியாக ஐம்பது ரூபாய் நீட்டினேன். உண்மையைச் சொல்லாமல் கொடுக்கும் பணம் பரிகாரமா, லஞ்சமா?

அவன் எண்ணெய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டீ குடிச்சாச்சு சார்" என்றான்.