ஊனக்காற் குஞ்சும் உயிரிரக்கமும்

உயிர்கள் தோன்றும் நால்வகைத் தோற்றத்துள் முட்டையினின்று தோன்றும் அண்டசமும் ஒன்று. கோழிமுட்டை 21 நாள் அடைகாக்கப்பட்டுக் குஞ்சாய் வெளிப்படுங்கால், ஒரோவொன்று நிற்கமாட்டாது காலிரண்டும் பக்கங்களில் விரியக் கிடத்தல் உண்டு. வளர்ப்போருள் சிலர் அதனைக் கொன்று கழிப்பர். சிலர் பேணிக் காக்க முயல்வர். இவ்விரண்டனுள் அறம் யாது என்பதும், காத்தல் அறமாயின் அதற்கு எல்லை யாது என்பதும் ஈண்டு ஆராயற்பாலன. பொருள் சிறிதாயினும் வினா சிறிதன்று. தன் குறையை வாய்விட்டுக் கூறமாட்டாத எவ்வுயிர் திறத்தும் எழுவது இவ்வினாவேயாம்.

"அக்குஞ்சின் ஊனம் அது முன் ஈட்டிய வினையின் பயன். நுகர்ந்து கழித்தற்குரிய பிராரத்தத்தைப் பிறர் இடைபுகுந்து மாற்றப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாம்" என்பார் உளர். அஃது ஆராயாக் கூற்றாம். என்னை? வினை சடமாகலின் தானே சென்று பயன் தரமாட்டாது. இறைவனே அதனை உயிர்க்குக் கூட்டுவிப்பன் என்பது சித்தாந்தத் துணிபு. அவன் கூட்டுங்கால் துன்பத்திற்குக் கருவி உளதாதல்போல, அதன் நீக்கத்திற்கும் கருவி உளதாம். நோய் வினைப்பயனாயின், மருந்து எதிர்ப்படுதலும் வினைப்பயனேயாம். ஒன்றனை ஏற்று மற்றொன்றனை விலக்குதற்கு நியாயம் இல்லை. அன்றியும், இங்ஙனம் கூறுவார் தம் மகவு கால் முடங்கிப் பிறப்பின் மருத்துவரை நாடாதிரார். தமக்கு மருந்தும் பிறவுயிர்க்கு வினையும் கூறுதல் நடுவுநிலைமை அன்று. குஞ்சின் பிராரத்தம் எத்துணைத்து என்பது நாம் அறியாதது. கண்டும் காவாது ஒழிந்த செயல் நமக்கு ஆகாமியமாய் ஏறும் என்பது அறிந்தது. அறியாததனைக் காட்டி அறிந்ததனின்று தப்ப நினைத்தல் பொருந்தாது.

அற்றேல், இரக்கம் ஒன்றே அமையுமோ எனின், அமையாது. கால் ஊனங்கள் ஒரு தன்மையன அல்ல. கால் விரிதல் பெரும்பாலும் வழுக்குந் தரையாலும், அடைகாக்குங்கால் வெப்பம் பிறழ்தலாலும் நிகழ்வது. அதற்குச் சொரசொரப்பான துணி விரித்து, இயல்பாக நிற்கும் அகலத்தில் இருகாலையும் மெல்லிய கட்டினாற் பிணித்து, குஞ்சு விரைந்து வளர்தலின் அக்கட்டினை நாடோறும் நோக்கி நெகிழ்த்துக் கட்டல் வேண்டும். பொரித்த முதற் சில நாட்களுள் இது செய்யப்படின், சின்னாளிற் கால் நேராதல் பெரும்பான்மை. விரல்கள் உட்சுருளுதல் ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வந்ததாயின், தொடக்கத்திலேயே அச்சத்தினை ஊட்டத் தீரும். நாட்பட்டபின் தீர்தல் அரிது. மாங்கனீசு முதலிய சத்துக்களின் குறைவால் கணுக்கால் மூட்டின் பின்புறத்துத் தசைநாண் தன் இடத்தினின்று வழுவியதாயின், மூட்டு வீங்கிக் கால் முறுக்கும். வழுவியபின் சத்தூட்டல் மட்டும் அதனை மீட்பதில்லை. முதலாவதற்குரிய கட்டினை மூன்றாவதற்கு இடுதல் நோவின்மேல் நோவு செய்தலாம். ஆகலின், அறிவொடு கூடாத இரக்கம் இரக்கம்போலத் தோன்றி இன்னாமையே பயக்கும்.

கட்டுதலும் குஞ்சிற்குத் துன்பமன்றோ எனின், துன்பமே. ஆயினும், இறைவன் அருட்செயலுள் மறக்கருணை என ஒன்று கூறப்படுமாறுபோல, நலத்திற்கு இன்றியமையாத சிறுநோவு கருணையுள் அடங்கும். ஆனால், இறைவன் முற்றறிவினன். தான் தரும் நோவின் முடிவை அறிவான். சிற்றறிவுடைய நாமோ அறியேம். ஆதலின் நமக்கு ஓர் எல்லை வேண்டும். பயன் தோன்றாதவழி நோவு தருதலை நிறுத்துதலே அவ்வெல்லை.

இனித் தீராத ஊனத்தின்கண் செய்யத்தக்கது யாது? "கொன்று துன்பம் ஒழித்தலே கருணை" என்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. இடையறா நோவு காண்பார் நெஞ்சினை உருக்கும். ஆயினும் அவர் முதற்கண் தம்மை ஒன்று வினவிக்கொள்ளக் கடவர். ஒழிய வேண்டுவது குஞ்சின் துன்பமோ, அதனைக் காணும் தம் துன்பமோ, அதனைப் பேணச் செலவாகும் பொழுதோ? நொண்டியேனும் இரையும் நீரும் உண்டு, வெயில் காய்ந்து, அமைதியாகத் துயிலும் குஞ்சினைக் கொல்லுதற்குக் கருணை காரணமாகாது. நொண்டுதல் வேறு; நோதல் வேறு. நோவு மிக்கு உணவும் ஒழிந்த குஞ்சின் திறத்தும், உடம்பினின்று உயிரைப் பிரித்தல் அவ்வுடம்பைக் கூட்டினானுக்கன்றி நமக்கு உரித்தன்று. அற்றாயினும், கொல்லாமை என்பது விடாது மருத்துவம் செய்து வருத்துதலும் அன்று. கட்டினை அவிழ்த்து, ஏனைக் குஞ்சுகள் கொத்தாவாறு பிரித்துவைத்து, பொரித்த முதல் வாரத்ததாயின் ஏறக்குறைய 95 பாகை பாரன்ஹீட் வெம்மையும் மெத்தென்ற படுக்கையும் தந்து, நீரினை அலகின் அருகே வைத்து, நோவு தணித்தற்குக் கால்நடை மருத்துவர் கூறுவன செய்து, முடிவுகாறும் கைவிடாதிருத்தலே அப்பொழுதைக் கடனாம்.

இவ்வாற்றால், வினையை அளத்தல் இறைவன் தொழில் என்பதும், கண்முன் உள்ள துன்பத்தை அளந்து அறிந்து இயன்ற உதவியை ஆற்றுதலே நம் தொழில் என்பதும் பெறப்படும்.