தேய்ந்த அலகின் மதிப்பு

என் தந்தையார் விட்டுச்சென்ற சில பொருள்களுள் ஒரு பேனாக்கத்தியும் உண்டு. மான்கொம்புப் பிடி, அலகின் அடியில் 'ஷெஃபீல்டு' என்னும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழங்கத்திகளைத் தேடிச் சேர்ப்பதில் நாட்டமுள்ள நண்பர் ஒருவர் அண்மையில் அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். அலகை விரித்தார்; மடக்கினார்; மடங்கும்போது வில் எழுப்பும் ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டார். பின்பு, "அருமையான வேலைப்பாடு. ஆனால் தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டதே! பயன்படுத்தாமல் வைத்திருந்தால் நல்ல விலை பெறும்" என்றார்.

அவர் சென்ற பின்னும் அச்சொற்கள் என்னைவிட்டு அகலவில்லை. பயன்படாதிருந்தால் மதிப்பு, பயன்பட்டதால் மதிப்புக் குறைவு. இக்கணக்கு நேரியதுதானா? பழம்பொருளை நேசிக்கும் ஒருவர் உண்மையில் எதை நேசிக்கிறார்?

பேனாக்கத்தி என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு மடங்கிக் கிடக்கிறது. இறகால் எழுதிய காலத்தில் அவ்விறகின் முனையைச் சீவுவதற்கென்று பிறந்தது அது. ஓலையில் எழுதிய நம் முன்னோரும் மடக்கெழுத்தாணி வைத்திருந்தனர். ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையைச் சீர்செய்யும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். கொல்வதற்கன்று, எழுத்துக்குத் துணைசெய்யவே இச்சிறு கத்தி தோன்றியது. வாள்கள் கலப்பைக் கொழுவாகும் நாளைக் கனவு கண்ட எசாயா இறைவாக்கினர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இக்கலையின் தலைநகராய் விளங்கிற்று. அங்கே கத்தி செய்வோரின் சங்கம் 1624-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது. தொழிலாளர் ஒவ்வொருவரின் முத்திரையையும் அச்சங்கம் பதிவு செய்து காத்தது. 1682-இல் பதிவான விண்மீனும் மால்டா சிலுவையும் கொண்ட முத்திரை, பின்னாளில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளமாகி உலகெங்கும் பரவிற்று. 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்கென அந்நிறுவனம் எழுபத்தைந்து அலகுகள் கொண்ட கத்தியொன்றைச் செய்தது. பிடியில் முத்துச்சிப்பி, அலகுகளில் நுண்ணிய சித்திரங்கள். அக்கத்தி எதையும் வெட்டுவதற்காகச் செய்யப்படவில்லை; வியக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது.

இந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள்? சாணைக்கல்லின்முன் குனிந்திருந்தோர் கொடுத்தார்கள். கல்லிலிருந்தும் எஃகிலிருந்தும் பறந்த தூசு அவர்களுடைய நுரையீரலை அரித்தது. நீரில்லாமல் சாணை பிடிப்போர் சராசரியாக முப்பத்தைந்து வயதைத் தாண்டுவது அரிது என்றும், நீர்விட்டுச் சாணை பிடிப்போர் நாற்பத்தைந்தைக் கடப்பது அரிது என்றும் 1845-இல் வெளியான தம் நூலில் ஏங்கெல்ஸ் ஒரு மருத்துவரை ஆதாரங்காட்டி எழுதினார். அதனினும் கொடிய செய்தி ஒன்றையும் அவர் குறித்திருக்கிறார். தூசைத் தடுக்கும் கருவி வந்தபோது தொழிலாளரே அதை ஏற்க மறுத்தனராம். ஆபத்துக் குறைந்தால் பலர் இத்தொிலுக்கு வருவர், கூலி இறங்கிவிடும் என்று அஞ்சினராம். தன் மூச்சைக் காத்தால் தன் சோறு போய்விடும் என்று ஒரு மனிதன் எண்ணும் நிலை எத்தகைய நிலை!

பிரான்சு நாட்டின் தியேர் நகரிலும் கதை வேறன்று. துரோல் ஆற்றின் நீர்விசையால் சுழன்ற சாணைக்கற்களுக்குமேல் பலகையில் குப்புறப் படுத்தே அங்குள்ளோர் நாள்முழுதும் உழைத்தனர். ஈரமும் குளிரும் தாளாமல் தம் நாய்களைக் கால்கள்மீது படுக்கவைத்து வெப்பம் தேடிக்கொண்டனர்.

இவற்றை அறிந்தபின் கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் கத்தியை எப்படிப் பார்ப்பது? பிடியின் தந்தத்தைப் பார்த்து, அலகின் பளபளப்பைப் பார்த்து, அதைச் செய்த கையை மட்டும் பாராமல் விடலாமா? உழைப்பின் மாண்பு, செய்யப்பட்ட பொருளில் அன்று, செய்கிறவர் மனிதர் என்பதிலேயே முதன்மையாகத் தங்கியிருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். அப்படியானால் கைவினைப் பொருளை நேசிப்பவர் கைவினைஞரை மறந்தால், அவருடைய நேசம் பாதி வழியில் நின்றுவிட்டது எனலாம்.

அதற்காகச் சேகரிப்போரைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது நீதியன்று. அவர்கள் இல்லையெனில் இக்கத்திகள் பழைய இரும்போடு உருக்கப்பட்டிருக்கும். தீட்டப்படாத ஒரு அலகு எஞ்சியிருப்பதால்தான், அக்கொல்லன் அதற்கு முதலில் கொடுத்த வடிவம் எது என்று நாம் அறிகிறோம். பெயர் தெரியாத ஒருவனின் திறமைக்குச் சாட்சியைக் காப்பதும் ஒரு பணியே. ஆகவே வைத்திருப்பது தவறன்று. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி. தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனும் அதைப் பத்திரமாகத்தான் காத்தான். அச்சத்தோடு தனக்குள் பூட்டிக்கொண்டதே அவனது பிழை.

சேகரிப்போர் நன்கறிந்த உண்மை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. செல்லுலாய்டுப் பிடி போட்ட பழங்கத்திகளை மற்றக் கத்திகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் ஆகாது. செல்லுலாய்டு நாள்பட நாள்படச் சிதைந்து ஒருவித அமிலப் புகையை வெளியிடும். அப்புகை அருகிலுள்ள எஃகையெல்லாம் துருவேற்றிவிடும். தோலுறைக்குள் நெடுங்காலம் கிடந்தாலும் அலகு கறுத்துப்போகும். காப்பதற்கென்று இறுக மூடியதே அழிவுக்குக் காரணமாகிறது! பூச்சியும் துருவும் அரிக்கும் செல்வத்தைப் பற்றி ஆண்டவர் மலைமேல் சொன்னது வெறும் உவமையன்று என்பதை இச்சிறு பெட்டியே நமக்கு உணர்த்திவிடுகிறது. பற்றை அறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. நாம் போற்றும் பொருளைப் பிறர் கையில் கொடுத்துக் காட்ட மனம் வருகிறதா? தேவைப்பட்டால் அதை இழக்கவும் மனம் இசைகிறதா? ஆம் எனில் பொருள் நம்மிடம் இருக்கிறது. இல்லையெனில் நாம்தாம் அதனிடம் இருக்கிறோம்.

உரோமைப் புனித இராயப்பர் பேராலயத்தில் அப்புனிதரின் வெண்கலச் சிலையொன்று உண்டு. பல நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் தொட்டும் முத்தமிட்டும் அதன் வலப்பாதம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. தேய்ந்ததால் அதன் மதிப்புக் குறைந்தது என்று எவரும் சொல்வதில்லை. அத்தேய்மானத்தில் எண்ணற்ற மனிதரின் மன்றாட்டுகள் படிந்திருக்கின்றன.

என் தந்தையாரின் கத்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குறைந்துபோன அந்தப் பாதி அலகு எங்கே போயிற்று? எங்களுக்குச் சீவிக்கொடுத்த பென்சில்களிலும், நறுக்கித் தந்த மாங்காய்களிலும், குருத்து ஞாயிறுதோறும் அவர் கிழித்துப் பின்னித் தந்த ஓலைச் சிலுவைகளிலும் கரைந்து போயிற்று. அதைச் சாணைபிடித்த ஷெஃபீல்டு மனிதன் எத்தனை வயதுவரை வாழ்ந்தான் என்று நான் அறியேன். ஆயினும் அவன் உழைப்பு வீண்போகவில்லை என்று சொல்ல என்னிடம் சான்று இருக்கிறது.

நண்பரின் கணக்கில் அக்கத்திக்கு விலையில்லை. அதை நான் பேழையில் வைக்கப்போவதுமில்லை. துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, என் மகனிடம் கொடுத்திருக்கிறேன். செய்தவனுக்காகவும் தேய்த்தவருக்காகவும் ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு, வருகிற குருத்து ஞாயிறன்று அவன் அதைக்கொண்டு ஓலை கிழிக்கட்டும்.