எறிவதற்கென்றே செய்த பொருள்

தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழும் கோவில்பட்டி வட்டாரத்தின் வயிற்றில் அடித்தவை மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள். 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. பிழைப்புக்கு அது நல்லதே. ஆனால் மார்க்கக் கண்கொண்டு பார்த்தால் வேறொரு கேள்வி நிற்கிறது: மறுபடி நிரப்ப வழி வைக்காமல், எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்து விற்பது நேர்மையான வியாபாரமா?

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள். லைட்டரில் மறைப்பு ஏது, வாங்குபவனுக்கும் தெரியுமே என்பார்கள். மெய்தான்; அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வீண்விரயம் என்று வந்தால், தெரிந்தே வாங்குகிறவனும் அதில் பங்காளியாகிவிடுகிறான்.

எரிந்த குச்சி கரிசலோடு கரிசலாகிவிடும். கேஸ் தீர்ந்த லைட்டரின் பிளாஸ்டிக் உழவுசாலில் அப்படியே கிடக்கும். நபியவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தைக்கத் தக்கதாய் இருந்தது அந்தச் செருப்பு! லைட்டரிலும் நிரப்பும் வால்வு உள்ளவை உண்டு. விலைதான் சற்றுக் கூடுதல்.