மூச்சும் சம்மதமும்

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூடப்பட்ட விளையாட்டுக் கழக உடற்பயிற்சிக் கூடங்களை மீளத் திறப்பது பற்றிய விவாதங்களில், “என் உடம்பு, ஆபத்தை நானே ஏற்கிறேன்” என்ற வாதம் அடிக்கடி எழுந்தது. சுதந்திரத்தின் குரல்போல அது ஒலிப்பினும், மூச்சு ஒருவருக்கே உரிய உடைமை அன்று என்பதை மறந்துவிடுகிறது.

தென்கொரியாவின் சொனான் நகரில், 2020 பெப்ரவரியில் உடற்பயிற்சி நடன வகுப்புகளிலிருந்து தொடங்கிய தொற்று 24 நாட்களுள் 112 பேரைப் பற்றியது. வகுப்பிலே பயிற்றுநரிடமிருந்து தொற்றியது 57 பேருக்கு. குடும்பத்துக்குள் தொற்றியது 38 பேருக்கு. ஆபத்தை ஏற்பதாகக் கையொப்பமிடுபவர் மகன். காய்ச்சலில் விழுபவர் தாய். அவரது சம்மதத்தை யார் கேட்டார்?

அவ்வாறாயின் கூடங்களை மூடியே வைத்திருப்பதுதான் அறமா? அதுவும் எனக்கு உடன்பாடன்று. நீரிழிவாளருக்குப் பயிற்சி மருந்து; பயிற்றுநருக்கோ அது அன்றாடச் சோறு. மேலும், அதே சொனானில் தொற்றுக்குள்ளான ஒரு பயிற்றுநர் ஏழெட்டுப் பேருக்கு யோகாசனமும் பிலாட்டிசும் கற்பித்தார். அவருடைய மாணவர் எவருக்கும் தொற்றவில்லை. பயிற்சியின் கடுமை குறைந்திருந்தமை காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

எனவே திறப்பதா என்பதைவிட எவ்வாறு திறப்பது என்பதே வினா. யன்னல்களைத் திறப்பதிற் செலவில்லை. அதில் எவரும் பிணங்கார். ஆட்தொகையைக் குறைப்பதிலேதான் பிணக்கு. இருபது பேர் நின்ற மண்டபத்தில் எண்மரை நிறுத்தினால் சந்தா வருமானம் வீழும். அந்நட்டத்தை ஏற்க மறுக்கும் கழகம், அதனை உறுப்பினர் வீட்டு முதியோர்மீது சுமத்துகிறது. அவர்களோ கழகத்தின் வாயிலைக்கூட மிதித்தவரல்லர்.