பொன் வட்டில்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பெரும் செல்வராக வாழ்ந்தவர் கூரத்தாழ்வான், ராமாநுஜரின் தலைமைச் சீடர்களில் ஒருவர். சொத்து முழுவதையும் துறந்துவிட்டு மனைவியோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார். அந்த அம்மையாரின் பெயர் ஆண்டாள். காட்டு வழியில், “பயம் ஏதும் உண்டோ?” என்று அவர் கேட்டாராம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்றார் ஆழ்வான். இருந்தது. கணவர் அமுது செய்ய ஒரே ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கி வீசி எறிந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆழ்வானின் துறவைப் போற்றுவார்கள். எனக்கு ஆண்டாளைத்தான் விட்டுப் போக மனமில்லை. மாளிகையையும் நெற்குதிரையும் திரும்பிப் பார்க்காமல் வந்தவருக்கு, கணவர் சாப்பிடும் வட்டிலை விட முடியவில்லை. ஆசை என்று அதைச் சொல்லிவிட முடியுமா?

இன்று ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீட்டுப் பரண்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த ஜாதிப் பொருள்கள். மகளுக்கென்று எடுத்து வைத்த வெண்கலப் பானை, பேரன் படுத்த மரத்தொட்டில், மகனின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். “வந்தால் கேட்பான், இருக்கட்டும்.” அவனோ வெளிநாட்டில். மகள் சென்னையில், அடுக்குமாடியில். அங்கே இருப்பது இன்டக்‌ஷன் அடுப்பு. வெண்கலப் பானை அதில் சூடுகூட ஏறாது.

வீசி எறியவும் நமக்கு வழியில்லை. ஆழ்வானுக்குக் காடு இருந்தது, திருச்சிக்கு அரியமங்கலம் குப்பைக்கிடங்குதான். நாம் பல பத்தாண்டுகளாகக் கழித்ததெல்லாம் அங்கே ஏறக்குறைய 47 ஏக்கரில் மலையாகக் குவிந்தது. அதைக் கிளறிப் பிரிக்க மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டியதாயிற்று. போகிக்குக் கொளுத்தலாம் என்றால் பாய், தலையணையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்து தெருவே இருமுகிறது.

நமக்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பிள்ளைகள் நாலு நாள் லீவில் வருவார்கள். பழைய பாத்திரக் கடைக்காரர் தராசோடு வருவார். சீராக வந்த அண்டாவும் ஓட்டை வாளியும் ஒரே சாக்கில் போகும். அப்போது அந்த அண்டா பாட்டியுடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

அதனால் இன்றே பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். பரணில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “வேண்டும்” என்றால், அடுத்த முறை வரும்போது கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். “வேண்டாம்” என்றால் வருத்தப்படாதீர்கள். புதுக் குடித்தனம் வைக்கும் ஒரு வீட்டுக்கு, அதன் கதையையும் சொல்லி, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.