சேர்த்தெடுப்பவர் யார்?

வீட்டில் குழந்தை பிறந்தால் மகிழ்ச்சி பெருகுகிறது. அதனோடு குப்பையும் பெருகுகிறது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் இனயம் போன்ற கடற்கரை ஊரில் எறியும் பொருளுக்குப் போக்கிடம் ஏது? பின்வாசலில் எறிந்தது கடற்கரைக்குப் போகிறது. கடற்கரையில் கிடந்தது கடலுக்குப் போகிறது. கடலுக்குப் போனது நம் வலையிலேயே திரும்பி வருகிறது. ஆகவே குப்பையைக் குறைப்பது கடமை என்பதில் ஐயமில்லை. அக்கடமை இல்லத்தில் யாருடையது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

கடைகளில் 'பாம்பர்ஸ்' என்று கேட்டு வாங்கும் டயப்பரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து என்று கொண்டாலும் ஓர் ஆண்டில் 1,800-ஐத் தாண்டும். துணிபோல் மென்மையாகத் தோன்றும் அதன் மேலுறையும் அடியுறையும் பிளாஸ்டிக். நடுவே மரக்கூழும் ஈரத்தை உறிஞ்சும் வேதிப்பொருளும் உள்ளன. புதைத்தால் எளிதில் மக்காது; எரித்தால் நச்சுப்புகை; பொதியாமல் எறிந்தால், வெறுங்கையால் அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு நோய். தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகள், குவளைகள், உறிஞ்சுகுழல்கள் முதலியவற்றைத் தடைசெய்தது. அப்பட்டியலில் டயப்பர் இடம்பெறவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றே பேச வேண்டியுள்ளது.

பொருளை உடைமையாக வைத்திருக்கலாம், ஆனால் பயன்படுத்தும்போது அதைப் பொதுவானதாகக் கருத வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பயன்படுத்தும்வரை பொருள் நம்முடையது. பயன்படுத்தி முடித்ததும் அதன் கழிவு ஊருக்குப் பொது! இது நீதியன்று.

அப்படியானால், பழைய பருத்திச் சேலையைக் கிழித்துப் பயன்படுத்திய பாட்டிமாரின் வழிக்கே திரும்புங்கள் என்று இளந்தாய்மாருக்கு அறிவுரை கூறிவிடலாமா? கூறுவது எளிது. துவைப்பவர் யார்? கணவர் ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்காகிறது. மடியில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி மூத்த குழந்தை. தண்ணீரும் சேர்த்துவைக்க வேண்டும். இந்நிலையில் அவளிடம் மேலும் ஒரு வாளித் துணியை வைப்பது அறமாகுமா? பிறர் தோள்மேல் பளுவான சுமையை ஏற்றிவிட்டுத் தாம் விரலாலும் தொடாதவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். களைத்த தாயொருத்தி இரவில் டயப்பர் அணிவிப்பதைப் பாவமென்று சொல்ல நாம் துணியோம்.

ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்தெடுக்க வேண்டும் என்று இயேசு பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அப்பணியை அவர் யாரிடம் ஒப்படைத்தார்? கூட்டத்தில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த தாய்மாரிடம் அன்று, தம் சீடர்களிடம். சேர்த்தெடுப்பது தலைமையேற்றவர்களின் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

எனவே, தந்தையரே, இது உங்கள் கடமையுமாகும். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு சூன் 1 முதல் சூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தென்மேற்குப் பருவமழையில் துணி காயாத மாதங்களும் அவையே. தாய்க்கு வேலை மிகும் காலத்தில் தந்தை கரையில் இருக்கிறார்! வலையைப் பழுதுபார்க்கும் கைகளுக்குக் குழந்தையின் துணியைத் துவைப்பது இழிவாகுமா? பகலில் துணியும் இரவில் மட்டும் டயப்பருமாக வைத்தாலே, ஐந்து என்பது ஒன்றிரண்டாகிவிடும். பயன்படுத்தியதைத் தாளில் பொதிந்து, தனியே ஒப்படைக்கலாம்.

உறவினருக்கும் பங்குண்டு. திருமுழுக்கு விழாவுக்கு விரைவில் உடையும் பிளாஸ்டிக் பொம்மைகளுக்குப் பதிலாகப் பருத்தித் துணிகளைப் பரிசளிக்கலாம். வளர்ந்த குழந்தையின் உடுப்புகளையும் தொட்டிலையும் அன்பியத்தில் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றலாம். தின்பண்டம் வரும் பளபளப்பான பைகளைப் பழைய பொருள் வாங்குவோரும் ஏற்பதில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்குக்கும் பனங்கிழங்குக்கும் உறையே தேவையில்லை. இத்தகைய அன்றாடச் சிறு செயல்களையே மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில் அன்பின் செயல்களாகப் போற்றினார்.

2016 சூலையில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தபோது, கடலே எங்கள் வாழ்வு என்று கடலோர மக்கள் போராடினார்கள். அத்துறைமுகம் இங்கு எழவில்லை. கடலைக் காக்க அன்று ஊரே கூடியது. ஒரு வாளித் துணியைத் துவைக்க, ஒரு வீடு கூடாதோ?