யாருடைய கொழுப்பு?

2014-இல் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது சாயங்காலங்களில் சென்னையில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தேன். மேசை துடைப்பதில் தொடங்கி பாத்திரம் கழுவுமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். குருமா ஒட்டிய அண்டா, பரோட்டாக் கல்லில் வழித்த பிசுக்கு, சட்டியடியில் கறுத்த எண்ணெய் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கழுவி, பின்கட்டுச் சாக்கடைக் குழியில் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் தண்ணீர் மாதிரியே ஓடிவிடும். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பின்சந்தில் சாக்கடை பொங்கியது. மூடியைத் திறந்து இறங்கியவர் எங்க ஊர்க்காரர், முறைக்குச் சித்தப்பா. இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். வெள்ளை மெழுகுபோல இறுகிக் கிடந்ததைக் கடப்பாரையால் பெயர்த்து வாளி வாளியாக மேலே அனுப்பினார். ஏறி வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, நீதான் ஊத்துறியா இதெல்லாம்?" என்றார். கோபமில்லை, சும்மாதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

ஊற்றும்போது எண்ணெயாக இருப்பது குழாய்க்குள் ஆறினால் கட்டியாகிறது. சுவரில் படிந்து, வருகிற குப்பையையும் பிடித்து வைத்துக்கொண்டு வழியை அடைக்கிறது. தேங்கின கழிவு காற்றில்லாமல் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகிறது. முதலில் அழுகின முட்டை நாத்தம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சு என்று நம்பி இறங்குகிறவன் பிணமாக வருகிறான். இதைத்தான் பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி' என்று எழுதுகிறார்கள். அந்த வாயுவை உண்டாக்கிய சமையல்கட்டுகளைப் பற்றி ஒரு வரி வருவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. பொதுச் சாக்கடைக்குள் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுற்றுச்சூழல் விதிகளில் 1993-இலேயே எழுதிவிட்டார்கள். அதே 1993-இல்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டமும் வந்தது. அது உலர் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம் என்று சொல்ல 2013-ஆம் வருஷச் சட்டம் வரவேண்டியிருந்தது. குழாய்க்குள் போகிற எண்ணெயை மில்லிகிராமில் அளந்த அரசுக்கு, அதே குழாய்க்குள் இறங்குகிற மனுசனைக் கண்ணில் பட 20 வருஷம் ஆகியிருக்கிறது. அந்தச் சட்டமும் இறக்கினவனைத்தான் கேட்கிறது, அடைத்தவனைக் கேட்கவில்லை. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவின் தொகை ஏறியிருக்கிறது. ஊற்றுகிறவன் என்ன கொடுத்தான்?

பொரித்துப் பழசான எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதி 2018-இல் அமலுக்கு வந்தது. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு வந்தது. அது சாப்பிடுகிறவன் உடம்பைப் பற்றிய கவலை. நல்லதுதான். ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போகிற கொழுப்பை வாங்க ஆளில்லை. விலையில்லாத அழுக்கெல்லாம் கடைசியில் யார் கைக்கு வருமென்று நமக்குத் தெரியும்.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சமையல்கட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் இந்த நாட்டில் குறைவா என்ன? குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறான், சாமி படத்துக்குப் பூ வைக்கிறான். அவன் சுத்தத்தின் எல்லை பின்வாசலோடு முடிகிறது. அதற்கப்புறம் இருப்பது 'அவங்க' இடம். தீட்டு என்பது இப்படித்தான் குழாய் வழியாகவும் ஓடுகிறது.

2017-இல் லண்டன் ஒயிட்சாப்பல் பகுதியில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் கொழுப்புக் கட்டி சாக்கடையை அடைத்துக் கிடந்தது. அங்கேயும் மனுசர்கள்தான் இறங்கி உடைத்தார்கள். உடம்பு முழுக்க மூடிய கவச உடையோடு இறங்கினார்கள். அடுத்த வருஷம் அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்து ஊருக்கே காட்டினார்கள். வேலை இழிவா என்பதல்ல நம் கேள்வி. அந்த வேலைக்கு அங்கே யாரும் பிறக்கும்போதே பெயர் எழுதிவைக்கவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலைக்காரர்களையும் பிரித்தது என்று அம்பேத்கர் 1936-இலேயே சொல்லிவிட்டார்.

ஒரு தோழர் கேட்டார்: "சட்டத்தை இறுக்கினா நட்சத்திர ஓட்டல்காரன் தப்பிச்சுடுவான். ரோட்டோரம் மாட்டுக்கறி வறுவல் போடுற நம்ம அக்காவைத்தான் பிடிப்பான்." நியாயமான பயம். அதற்காக ஊற்று என்று சொல்ல முடியுமா? அக்கா ஊற்றும் கொழுப்பும் சித்தப்பா தலையில்தான் விழுகிறது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஒரே அளவில் இல்லை. பெரிய ஓட்டல் தன் செலவில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி கட்டட்டும், கட்டாதவனுக்கு உரிமம் கிடையாது என்று சொல்லட்டும். தெருக்கடைகளுக்குப் பொதுத் தொட்டி கட்டித் தருவது நகராட்சியின் வேலை.

தொட்டி கட்டினால் போதுமா? அதில் தண்ணீர் மெதுவாகப் போகும், கொழுப்பு மேலே மிதக்கும், தண்ணீர் மட்டும் கீழ்வழியாக வெளியேறும். மிதந்ததை அடிக்கடி எடுக்காவிட்டால் தொட்டி இருந்தும் பிரயோசனமில்லை. அதை எடுக்கப்போவது யார்? தெருவில் கிடந்த குழியை ஓட்டலின் பின்கட்டுக்குள் கொண்டுவந்து, அதே சித்தப்பாவைக் கூப்பிட்டால் இடம்தான் மாறியிருக்கும், சாதி மாறாது. ஆகவே இயந்திரத்தை வைத்து எடுக்க வேண்டும், அதற்கு முதலாளி பொறுப்பேற்று கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

நம்மவன் நிமிர்ந்து கூலி கேட்டால், "கொழுப்பெடுத்துப்போச்சா உனக்கு?" என்று கேட்கிற ஊர் இது. ஆமாம், எடுத்தோம். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த நகரத்தின் கொழுப்பை நாங்கள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி அவரவர் கொழுப்பை அவரவர் எடுக்கட்டும். அன்றைக்குப் பதில் சொல்லாமல் நின்ற என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.